ரோஜாக் கொண்டைச் சேவல்கள்

என் மனைவிக்கு ஏழு வருடம் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவிச்சமுட்டை. பால் வாங்கப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாலும் முதுகுக்குப் பின்னால் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் வெளியாள் இல்லை. என் சகலைதான், அதாவது என் மனைவியின் அக்கா புருஷன். அவருடைய கோழிப்பண்ணையில் பதினோரு வருடம் குஞ்சு பொரிக்கும் அறையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவளுக்கு அவர் கொடுத்தனுப்பிய பரிசு அது.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் கிடக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதுதான். மற்றதெல்லாம் இவள் சொல்லித் தெரிந்துகொண்டது. இதில் கோழி விஷயம் எதுவும் தப்பாக இருந்தால் பழி என்னைச் சேரட்டும். இவள் தலையில் இனி யாரும் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

இவள் கோழியைப் பார்க்கும்போது முதலில் கொண்டையைத்தான் பார்ப்பாள். முட்டையிலிருந்து வெளியே வரும்போதே குஞ்சுக்குக் கொண்டை இருக்கிறதாம். அலகுக்கு மேலே நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்று நான்கு வாரத்தில் சேவல் குஞ்சின் உடம்புக்குள் ஆண் சுரப்பு ஊற ஆரம்பிக்கும். அந்தக் கோடு தடிக்கும், பல் வைக்கும், மஞ்சள் ரோஸாகி, ரோஸ் சிவப்பாகும். அலகுக்குக் கீழே இரண்டு பக்கமும் சதை மடல்கள் தொங்க ஆரம்பிக்கும். அதற்குத் தாடி என்று பெயர். பெட்டைக்கும் இரண்டும் உண்டு, ஆனால் அது அவசரப்படாது. முதல் முட்டை வைக்கப்போகிற நாள் நெருங்கும்போதுதான் அதன் கொண்டை மளமளவென்று வளர்ந்து சிவக்கும். முட்டை நின்றால் கொண்டையும் சுருங்கி வெளுத்துவிடும். சேவலுக்கு விதையை எடுத்துவிட்டால் கொண்டை வாடிப்போய், கூவுவதற்கே அதற்கு மனசு வராது.

"உள்ள என்ன நடக்குதுன்னு தலையில போர்டு மாட்டி வச்சிருக்குங்க. மனுசங்களுக்குத்தான் அந்த வசதி இல்ல," என்பாள் இவள்.

கொண்டை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கோழிக்கு வியர்க்காது என்றாள். வெயில் ஏறினால் உடம்புச் சூட்டை ரத்தம் சுமந்துகொண்டு கொண்டைக்கும் தாடிக்கும் போகும், அங்கே காற்றுப் பட்டுக் கொஞ்சம் ஆறி உள்ளே திரும்பும். இது எனக்கு உடனே புரிந்தது. ஃபிரிட்ஜுக்கு முதுகில் கம்பிச் சுருள் இருக்கிறதே, அதே வேலை. கோழிக்கு அது தலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தாடிக்கு வேறொரு வேலையும் உண்டு. சேவல் தரையில் ஒரு தானியத்தைக் கண்டால் தானே தின்றுவிடாது. கொக்கொக்கென்று கூப்பிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டும். தாடி ஊஞ்சலாடும். அதைப் பார்த்துப் பெட்டைகள் ஓடி வரும். சில சேவல்கள் இதிலும் திருட்டுத்தனம் செய்யும். தாடி ஆடும், கீழே தானியம் இருக்காது. இவள் அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

சகலை அப்படித்தான். வாய் நிறையப் பேச்சு. கோழி வளர்ப்பில் தனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று நினைப்பு. அவருக்குக் கொண்டையில் ஒரு பைத்தியம் இருந்தது. சாதாரணமாகக் கோழிக்கு இருப்பது ரம்பப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை. அவருக்கு அது பிடிக்காது. தலையோடு ஒட்டிப் படர்ந்து, மேலே முத்து முத்தாகப் புடைத்து, பின்னால் கூம்பாக முடியும் ரோஜாக் கொண்டைதான் வேண்டும். எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு அந்த ஜாதியை வாங்கி வந்தார். அதிலும் அவ்வப்போது ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் பிறக்கும். பொரித்த அன்றே பொறுக்கி எடுத்து, "கழிசல்" என்று வெளியே தள்ளிவிடுவார். முதலில் கூடைக்குக் கூடை கழித்தார்கள். அப்புறம் பத்துக்கு ஒன்று. அப்புறம் நூற்றுக்கு ஒன்று. கடைசியில் ஒற்றைக் கொண்டையே பிறக்கவில்லை. சகலை மீசையை முறுக்கிக்கொண்டார்.

அதே வருடங்களில் பொரிப்பும் குறைந்துகொண்டே வந்தது. நூறு முட்டை வைத்தால் எண்பத்தைந்து குஞ்சு வந்த இடத்தில் எழுபது வந்தது, அறுபது வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, காரணம் அந்தப் பண்ணையின் பழக்கம். அடைவைத்த முட்டையை நடுவில் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூடாது, குஞ்சு கலங்கிவிடும் என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். இருபத்தொன்றாம் நாள் பொரிக்காமல் கிடப்பதை உடைத்துப் பார்ப்பதும் கிடையாது. நாற்றம் பிடித்த வேலை எதற்கு என்று அப்படியே குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். முட்டைக்குள் என்ன நடந்தது என்று பதினோரு வருடத்தில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. என் மனைவியும்தான். அந்த ஒன்றுக்கு அவள்மீது எனக்கே கோபம் உண்டு.

ஒருமுறை முட்டைகள் அடையில் இருந்த பன்னிரண்டாம் நாள், எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். இவள் தன் அக்காவைப் பொரிப்பறையில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். அந்தத் தடவை நூற்றுக்கு முப்பத்தெட்டுதான் பொரித்தது.

குஞ்சு பிரிக்கிற நாள் என்பதால் வேலையாட்கள் பதினோரு பேரும் அறையில் இருந்தார்கள். சகலை தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து விரலால் தட்டினார்.

"உப்பும் மிளகுத்தூளும் கொண்டாங்கப்பா," என்றார். "என் கொழுந்தியா நம்ம எல்லாருக்கும் முட்டை அவிச்சு வச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சூடு ஏறவே இல்ல அத்தான். நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

"பன்னெண்டாம் நாள் ரெண்டு மணி நேரம் எங்க போன? அத எழுதியிருக்கியா?"

"புள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காதான் அறையில இருந்தா. கேளுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தட்டைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லியே," என்றாள்.

நான் அங்கே இல்லை. இவள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். சகலை சொன்னதை ஒரு தடவை சொன்னாள். அக்கா சொன்னதை நூறு தடவை சொல்லியிருப்பாள்.

அந்தப் பண்ணையில் ஒரு சேவல் இருந்ததாம். கம்பிக் கதவில் மாட்டிக் கொண்டை முழுவதும் கிழிந்துபோனது. புண் ஆறிய பிறகு அதைத் தன் கூட்டத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். கொண்டை இல்லாத அதை ஒரு கோழிக்கும் அடையாளம் தெரியவில்லை. நேற்றுவரை அதற்குப் பயந்து ஒதுங்கி நின்ற பெட்டைகளே சுற்றி நின்று கொத்தின. இவள் வேலையை விட்டு வந்த பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்ன நடந்தது என்பதற்கு எனக்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அதைவிடக் கொடுமை, இவளே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்ததுதான். சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போனாள். அடுப்பில் எதை வைத்தாலும் பக்கத்திலேயே நின்றாள். சாப்பிடும்போது திடீரென்று, "அந்த ரெண்டு மணி நேரத்துல ஏறியிருக்குமோ?" என்று கேட்பாள். அவள் எதிரிகள் என்ன சொன்னார்களோ அதை இப்போது அவள் வாயே சொல்கிறது. இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அப்புறம் ஒருநாள் அக்கா வந்தாள். இரண்டு சேவல், எட்டுப் பெட்டை, கூடையில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். எல்லாம் ரோஜாக் கொண்டை.

"அத்தான் குடுத்தனுப்புனாரு குட்டி. சும்மா வீட்டோட வளத்துக்கோ," என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

கூடையோடு தெருவில் வீச வேண்டும் என்று எனக்கு இருந்தது. இவள் விடவில்லை. "கோழி என்னங்க பண்ணுச்சு?" என்றாள். சரி, வந்தது வந்துவிட்டது என்று, பட்டறையில் கிடந்த ஒரு பழைய ஃபிரிட்ஜை எடுத்து இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், தண்ணீர்த் தட்டு, சூடு அளக்கிற கருவி எல்லாம் வைத்துப் பொரிப்புப் பெட்டியாக மாற்றினேன். வாழ்நாள் முழுக்கக் குளிர வைத்த பெட்டியைச் சூடாக்குவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. இருபது முட்டை வைத்தாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பினாள். இருபத்தொன்றாம் நாள் நான்கு குஞ்சு வந்தது. இருபதில் நான்கு.

இவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க. என் கைதான் சரியில்ல."

"பெட்டி என்னோடது. சூடு அரைப் புள்ளி மாறல. உன் கைய ஏன் சொல்ற?" என்று கத்தினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் ஆன எதையும் திறந்து பார்க்காமல் தூக்கிப் போட மாட்டேன். மிஞ்சிக் கிடந்த முட்டையில் ஒன்றை எடுத்து ஒரு கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உடைத்தேன்.

மஞ்சள் கரு, வெள்ளைக் கரு. கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, கண் இல்லை, இறக்கை இல்லை.

இவள் என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். மிச்சம் பதினைந்தையும் தானே உடைத்தாள். இரண்டில் மட்டும் செத்த குஞ்சு கறுத்துக் கிடந்தது. நான் உடைத்ததையும் சேர்த்து மற்ற பதினாலிலும் ஒன்றுமில்லை. சூடு கூடிச் செத்திருந்தால் உள்ளே பாதி வளர்ந்த குஞ்சு கிடக்க வேண்டும், குறைந்தது ஒரு ரத்த வளையமாவது இருக்க வேண்டும்.

"இது வேகலங்க," என்றாள். "இதுல உயிரே விழல."

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினாள். தேவைக்கு மேலேயே தேய்த்தாள். "ரெண்டு வருசம்," என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை, அப்படியே சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரமே, பக்கத்து வீட்டுச் சலவைக்காரரின் சேவல் மதில் தாண்டி எங்கள் பெட்டைகளிடம் வந்துவிட்டது. ஒல்லிக்குச்சி உடம்பு, ஆனால் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, அதில் ஒரு பல் உடைந்திருக்கும். இவள் அதை விரட்டவில்லை. தன் இரண்டு சேவல்களையும் பிடித்துத் தனியாக அடைத்துவிட்டு, பெட்டைகளின் உடம்பில் பழைய சேவல்களின் விந்து தீரட்டும் என்று மூன்று வாரம் பொறுத்து, அதற்குப் பின் வந்த முட்டையில் இருபது வைத்தாள். பதினெட்டுப் பொரித்தது. பதினெட்டுக்கும் ரோஜாக் கொண்டை.

கால்நடை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். இவள் நடந்ததையெல்லாம் தேதியோடு சொன்னாள். அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க," என்றார். "ரோஜாக் கொண்டை அப்பன் வழியிலயும் ஆத்தா வழியிலயும் ரெண்டு பக்கமும் இறங்கியிருந்தா, அந்தச் சேவலோட விந்துக்கு வேகம் இருக்காது. பெட்டைக்கு ஒண்ணும் ஆகாது. சேவலுக்கும் ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தா குறை இல்ல. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒத்தக் கொண்டைக் குஞ்சு நடுவுல பொறந்துக்கிட்டே இருந்தா கலப்பு இருக்குன்னு அர்த்தம். அத எல்லாம் கழிச்சுக்கிட்டே வந்தா, கடைசியில மிஞ்சுறது பூரா இந்த மாதிரிதான்."

சகலை கழிசல் என்று தூக்கிப் போட்டதுதான் அவர் பண்ணையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவர் மீசையை முறுக்கிய அன்றைக்குத்தான் அது படுத்துவிட்டது. அதற்கு என் மனைவி அவிச்சமுட்டை ஆனாள்.

திரும்பி வரும்போது, இப்போதே போய் அவர் முகத்தில் அறைகிற மாதிரி சொல்லிவிடலாம் என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்? அவிச்சவ வந்து பாடம் நடத்துறான்னு இன்னொரு தடவை சிரிப்பாங்க," என்றாள். "பதினோரு பேருக்கு முன்னால ஆரம்பிச்சது. பதினோரு பேருக்கு முன்னாலதான் முடியணும். அதுவரைக்கும் நீங்க வாயத் திறக்கக்கூடாது."

அவள் சோப்புக் கம்பெனியை விட்டாள். கொல்லையில் இரண்டு அடைப்புக் கட்டினேன். இடப்பக்கம் சலவைக்காரர் சேவலின் வாரிசுகள், அவற்றில் ஒற்றைக் கொண்டையும் உண்டு. வலப்பக்கம் சகலை அனுப்பிய சுத்த ரோஜாக் கொண்டைகள், அதற்கு அதே ஜாதிப் பெட்டைகள். இடப்பக்கத்து முட்டை நூற்றுக்குத் தொண்ணூறு பொரித்தது. பொரிக்கத் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு அடுத்த ஊரிலிருந்தெல்லாம் முட்டையோடு வந்தார்கள். வாங்கிக்கொண்டு போகும்போதுகூட அவிச்சமுட்டை வீடு என்றுதான் அடையாளம் சொன்னார்கள், அது வேறு விஷயம். வலப்பக்கத்தில் இருபது வைத்தால் நாலு, ஐந்து. அந்த நாலைந்தையும் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். வளர்ந்த பிறகு கொண்டை அழகாக இருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தெண்டச்சோத்துக் கூட்டத்துக்கு எதுக்குத் தீனி போடற?" என்று கேட்டேன்.

"வேணும்," என்றாள்.

நாலு வருடத்துக்கு மேல் தீனி போட்டாள்.

சகலை இதற்குள் பொரிப்பறையில் இன்னும் இரண்டு பேரை மாற்றிப் பார்த்துவிட்டார். பழி சுமக்க வெளியாள் கிடைக்காமல், கடைசியில் தன் பெண்டாட்டியையே அங்கே உட்காரவைத்தார். அந்த நேரத்தில் ஒரு பெரிய குஞ்சுக் கம்பெனி, வருடம் முழுக்க உங்களிடமே எடுக்கிறோம், ஆனால் முந்நூறு முட்டை எங்கள் ஆள் கண்ணெதிரே பொரித்துக் காட்டுங்கள் என்றது. சகலைக்கு வியர்த்தது. சேவலுக்குப் புது ரத்தம் வேண்டும் என்கிற அளவுக்கு அவருக்கும் தெரியும். எங்கள் கொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பொரிக்கிறது என்பது அவர் காதிலும் விழுந்திருந்தது. சேவல் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அக்கா முன்கூட்டியே போன் செய்தாள்.

அன்று காலையில் என் மனைவி ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வலப்பக்க அடைப்புக்குள் போனாள். ஒவ்வொரு ரோஜாக் கொண்டைக்கும் தாடிக்கும் எண்ணெய் தடவித் துடைத்தாள். வெயில் பட்டதும் அவை ஜொலித்தன. ஒற்றைக் கொண்டைகளைச் சேற்றோடு அப்படியே விட்டுவிட்டாள்.

சகலை உள்ளே வந்ததும் என் பொரிப்புப் பெட்டியைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார். "என்ன சகலை, ஃபிரிட்ஜுலயா முட்டை வைக்கிறீங்க? ஊர்ல எல்லாரும் அதத்தான பண்றாங்க."

அக்கா ஒப்புக்குச் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

"பன்னெண்டு சேவல் வேணும். என்ன விலைன்னாலும் சொல்லு," என்றார் இவளிடம்.

"ஒத்தக் கொண்டைய எடுத்துட்டுப் போங்க அத்தான்," என்றாள் இவள். "அதுங்கதான் பொரிக்கும். அந்தப் பக்கம் இருக்கிற ரோஜாக் கொண்டை பாக்கத்தான் அழகு. முட்டையில உயிர் விழாது."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அக்கா கேட்டாள், நான் கேட்டேன், மதிலுக்கு அந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த சலவைக்காரரும் கேட்டார். வாய் உண்மையைத்தான் சொன்னது. கை காலையிலேயே வேறு வேலை பார்த்துவிட்டது.

சகலை இரண்டு அடைப்பையும் பார்த்தார். "எனக்கே கோழி சொல்லித் தர்றியா? நல்லதையெல்லாம் உனக்கு வச்சுக்கிட்டு தெருப் பொறுக்கிய என் தலையில கட்டப் பாக்கிற," என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் நுழைந்தார். பன்னிரண்டையும் கொண்டையைத் தடவித் தடவி அவரே பொறுக்கினார்.

"விலை வேணாம் அத்தான். பொரிக்கிற அன்னிக்கு நானும் வருவேன். பழைய ஆளுங்க பதினோரு பேரும் இருக்கணும். அது போதும்."

மறுபடி வேலைக்குச் சேரத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். "வா வா. வந்து கத்துக்க," என்றார்.

கூடைகளை வண்டியில் ஏற்றும்போது அக்கா பின்தங்கி வந்து இவள் கையைப் பிடித்தாள். "குட்டி, நெசமாத்தான் சொன்னியா? ஒத்தக் கொண்டைதானா?"

இவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நான் சொன்னது ஞாபகம் இருந்தா நீயே அவருகிட்ட சொல்லு அக்கா. ஞாபகம் இருந்தா."

அக்கா சொல்லவில்லை. அவளுக்கு அந்தத் தைரியம் என்றைக்கும் இருந்ததில்லை.

புதுச் சேவல்களைப் பெட்டைகளோடு விட்டு, மூன்று வாரம் கழித்து முந்நூறு முட்டை அடைக்குப் போனது. பொரிக்கிற அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவள் கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் பேசின். கம்பெனியிலிருந்து வந்த அம்மா ஃபைலோடு நின்றார். பதினோரு பேரும் சுவரோரமாக நின்றார்கள். தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். எண்ணி முடித்தபோது எழுபத்தொரு குஞ்சு.

கம்பெனி அம்மா எண்ணிக்கையை எழுதிக்கொண்டார். சகலை திரும்பி அக்காவைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா, இது குடும்பத்துலயே இருக்கிற வியாதி," என்றார். "அன்னிக்குத் தங்கச்சி அவிச்சா. இன்னிக்கு அக்கா அவிச்சு வச்சிருக்கா."

சுவரோரம் ஒருத்தன் சிரித்தான்.

"நான் அறைய விட்டு நகரவே இல்லீங்க," என்றாள் அக்கா.

"பத்தாம் நாள் டிவி முன்னால உக்காந்திருந்த. எனக்கு ஞாபகம் இருக்கு."

அக்காவின் முகம் முட்டை நின்ற பெட்டையின் கொண்டை மாதிரி வெளுத்துவிட்டது. அவள் தன் தங்கையைப் பார்த்தாள். "குட்டி," என்றாள்.

நான் இவள் முழங்கையைத் தொட்டேன், போதும், முட்டையை உடைத்துக் காட்டு என்று. இவள் கையை நகர்த்திக்கொண்டாள். சகலை பேசட்டும் என்று விட்டாள். அக்காவுக்கு எதற்கும் துப்பில்லை என்றார், பதினோரு பேருக்கு முன்னால் அதையும் இதையும் சொன்னார். இவள் ஒவ்வொரு சொல்லையும் அக்கா தலையில் விழவிட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள். அதுவும் அவரிடம் இல்லை.

"அக்கா, ஏழு வருசத்துக்கு முன்னால, பன்னெண்டாம் நாள், ரெண்டு மணி நேரம் இந்த அறையில யாரு இருந்தா?"

அக்கா தட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை அங்கே ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"நான்தான் இருந்தேன்," என்றாள். "சூடு ஏறல. எனக்குத் தெரியும். அவருக்குப் பயந்துக்கிட்டு ஞாபகம் இல்லேன்னு சொன்னேன்."

அதைக் கேட்ட பிறகுதான் என் மனைவி பேசினை மேஜையில் வைத்து முதல் முட்டையை உடைத்தாள். அப்புறம் இன்னொன்று. பத்து, இருபது, முப்பது. கம்பெனி அம்மா குனிந்து பார்த்தார்.

"ரத்தம் இருக்கா பாருங்கம்மா," என்றாள் இவள். "வெந்திருந்தா செத்த குஞ்சு இருக்கணும். ஒண்ணு ரெண்டு தவிர எதுலயும் ஒண்ணுமே இல்ல. அன்னிக்கும் இதுதான். இவங்க உடைச்சுப் பாக்காம குழியில கொட்டுனாங்க."

"கருவே கூடலியே. இது சேவல் கோளாறு," என்றார் அந்த அம்மா. "சேவல் யாரு குடுத்தது?"

சகலைக்குப் போன உயிர் திரும்பியது. விரலை நீட்டினார். "இவதான். இவ குடுத்த சேவல். வேணும்னே பண்ணியிருக்கா."

"குடுக்கும்போது நான் என்ன சொன்னேன் அக்கா?"

அக்கா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "ஒத்தக் கொண்டைய எடுங்க, ரோஜாக் கொண்டை பொரிக்காதுன்னு சொன்னா. இவருதான் கேக்கல. இவரே பொறுக்கி எடுத்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

முன்பு சிரித்தவனே இப்போதும் சிரித்தான். அப்புறம் பதினோரு பேரும் சிரித்தார்கள். கம்பெனி அம்மா ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பினார். சகலை அவர் பின்னாலேயே வாசல்வரை பேசிக்கொண்டு போனார். தாடி ஆடியது, தானியம் இல்லை. இப்போது கடைத்தெருவில் அவர் போனால் ரோஜாக் கொண்டை போகுது என்கிறார்கள். நான் ஆரம்பித்து வைத்தது இல்லை. ஆனால் ஒருநாளும் தடுத்ததும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். பண்ணையில் ஆள் குறைத்துவிட்டார்கள், வீட்டில் இருக்க முடியவில்லை, ஏதாவது வேலை கொடு என்றாள். இவள் உடனே கொடுத்தாள். தங்கச்சிக்கு மனசு ஆறிவிட்டது என்று சொந்தமெல்லாம் பேசிக்கொண்டது.

அக்காவுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு அடைவைப்பிலும் பொரிக்காமல் மிஞ்சுகிற முட்டைகளை உடைத்துப் பார்ப்பது. எல்லாவற்றிலும் நாற்றம் பிடித்த வேலை அதுதான். அந்த வெள்ளைப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு கொல்லையில் உட்காருவாள். என் மனைவி எதிரே நோட்டோடு நிற்பாள்.

"என்ன இருக்கு?"

"ரத்தம் இல்ல," என்பாள் அக்கா.

"கேக்கல. சத்தமா சொல்லு."

அக்கா சத்தமாகச் சொல்வாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சலவைக்காரருக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும். இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஒருநாள் இவளிடம் கேட்டேன். "அவளுக்கு ஞாபகம் நல்லா வரட்டும்," என்றாள். மறைக்க என்ன இருக்கிறது, அந்தச் சத்தம் பட்டறைவரை வரும்போது நானும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.